தற்காலிகம் உங்கள் வீட்டுக்குச் சரிப்படாது

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். நீ, அத்தான், வீட்டைத் தலைகீழாக்கும் வாண்டுகள் இரண்டும் சுகமாயிருக்க வேண்டும். குறிப்பாக அவர்களுடைய விரல்கள். ஏன் விரல்கள் என்பது படிக்கப் படிக்கப் புரியும்.

பிராணிகள் காப்பகத்திலிருந்து வாங்கி நான் கொஞ்ச நாளைக்கு வைத்திருக்கும் நாய்க்குட்டியை நீங்களே எடுத்துக்கொள்வதாக நேற்று போனில் சொன்னாய். நல்ல மனசு. ஆனால் கூடப் பிறந்தவன் உண்மையை மறைக்கக் கூடாது. இது உங்கள் வீட்டுக்குச் சரிப்படாது.

முதலில் அதன் பெயர். பன்னிரண்டு மணி நேரம் கிடங்கில் பெட்டி தூக்கிய கையோடு படிவத்தை நிரப்பினேனா, 'பராமரிப்பு வகை' என்ற கட்டத்தில் எழுத வேண்டியதை அதற்கு மேலே 'பெயர்' என்ற கட்டத்தில் எழுதிவிட்டேன்: தற்காலிகம். காப்பகத்து அம்மாள் படித்துப் பார்க்காமல் முத்திரை குத்தி, கழுத்துப்பட்டைக்கு வில்லையும் அடித்துக் கொடுத்துவிட்டார். ஊசி போடப் போன இடத்தில் கம்பவுண்டர் வெளியே வந்து, "தற்காலிகம் யாருப்பா?" என்று கத்தினார். நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றோம். என் சட்டையில் தொங்கும் கிடங்கு அட்டையிலும் நாலு வருடமாக அதேதானே சிவப்பு எழுத்தில் இருக்கிறது! "ஊசி யாருக்கு?" என்றார். அது என்னைப் பார்த்தது. அத்தனை நயவஞ்சகம்.

போன வாரம் ஒரு நாள் கதவைச் சரியாகப் பூட்டாமல் போய்விட்டேன்; என் வாசனையைப் பிடித்துக்கொண்டு கிடங்கு வாசலுக்கே வந்துவிட்டது. சூப்பர்வைசர் வழக்கம்போல, "நிரந்தரம் பெரிய கேட்டு. தற்காலிகமெல்லாம் இந்தப் பக்கம் வரிசையா நில்லு!" என்று கூவினார். நம் நாய் ஓடிப்போய் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்துகொண்டது. "பாத்தீங்களாடா, கூப்பிட்ட உடனே வருது, சம்பள உயர்வும் கேக்கல" என்றார் அவர். எனக்குப் பின்னால் நின்ற பேக்கிங்காரர் சும்மா இருப்பாரா? "அதுக்கு ஊசியாவது போட்டாங்க சார். எங்களுக்கு இடுப்பு புடிச்சா ஒரு மாத்திரைகூட இல்ல" என்றார். அரை நாள் சம்பளம் போயிற்று, அவருக்கும் எனக்கும். நாய்க்கு எதுவும் போகவில்லை.

காப்பகம் அனுப்பிய ஒரு தம்பதியும் வந்து பார்த்தார்கள். அந்த அம்மா என் அறைக்குள் கால் வைக்காமல் வாசலிலிருந்தே, "என்ன ஜாதி?" என்றார்.

"நாய் ஜாதிங்க."

"அது தெரியுது. அப்பா அம்மா?"

"லாரி ஷெட்டுல பிறந்தது. அவங்க விலாசம் கொடுத்துட்டுப் போகல."

"ஒரு காது நிக்குது, ஒண்ணு தொங்குதே?"

என்னை வேலைக்கு எடுத்தபோதுகூட இவ்வளவு கேட்கவில்லை அக்கா. கை இரண்டும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

இதோடு விட்டால் பரவாயில்லை. தலையணையைக் கிழித்துப் பஞ்சாகப் பறக்கவிட்டது, கதவின் கீழ்ப்பகுதியைத் தின்றுவிட்டது, நாள் முழுக்கக் குரைத்துக் கட்டடத்தையே எழுப்புகிறது, சின்னப் பிள்ளைகளைக் கண்டால் பல்லைக் காட்டுகிறது. அத்தானின் தோல் செருப்புக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. அதனால் காப்பகத்துக்கு நீயே போன் செய்து, வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடு. பழி என் மேல் விழட்டும்.

அத்தானுக்கு என் மரியாதை. வாண்டுகளுக்கு ஆளுக்கொரு முத்தமும் ஆளுக்கொரு குட்டும். எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நன்றாயிருங்கள்.

உன் தம்பி

பின்குறிப்பு: பெயர், கிடங்கு, அந்தத் தம்பதி, இவை மூன்றும் நிஜம். மற்றதெல்லாம் புளுகு. தலையணை முழுசாக இருக்கிறது. அது எதையும் கடிப்பதில்லை, குரைப்பதுமில்லை. காலையில் நான் பூட்டிவிட்டுப் போனதும் கதவைப் பார்த்து உட்காரும். மதியம் கீழ்வீட்டுத் தையல்காரர் திறந்து ஒருமுறை வெளியே விட்டால், வேலையை முடித்துக்கொண்டு நேரே மேலே ஓடிவந்து அதே இடத்தில் உட்கார்ந்துவிடுமாம். நான் திரும்பும்போதும் அங்கேதான். ஒரு மாதமாக இப்படி. உங்கள் வீட்டில் பகலெல்லாம் ஆள் இருக்கும். முதல் நாள் சாப்பிடாது. தட்டுக்குப் பக்கத்தில் நீயும் தரையில் உட்கார்ந்தால் சாப்பிடும். அத்தானைக் கார் எடுத்து வரச் சொல். புதன்கிழமை பகலில் வாருங்கள், சாவி தையல்காரரிடம் இருக்கும். நான் இருந்தால் அது வண்டியில் ஏறாது.