டிக் நைனாவும் ஊமை மூடிகளும்

இந்தப் பக்கம் நகரி வரைக்கும் அந்தப் பக்கம் அரக்கோணம் வரைக்கும் தேடினாலும், யாரையுமே நம்பாத மனிதர் என்று ஒருவரைத்தான் காட்ட முடியும். அவர் டிக் நைனா. திருத்தணி முருகனைக்கூட அவர் பாதிதான் நம்பினார். மலையேறிக் கும்பிட்டு முடித்ததும், கீழே கடையில் வாங்கிய விபூதிப் பொட்டலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒட்டிய இடம் பிரிந்திருக்கிறதா என்று நாலு பக்கமும் பார்ப்பார். கடைக்காரர் முறைப்பார். கூடப் போன பாவத்துக்கு நானும் முறைப்பை வாங்கிக்கொள்வேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் கம்பெனி வருகைப் பதிவேட்டில் இருந்திருக்கும், நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் வயதில் மூத்த ஆண்கள் எல்லாருமே நைனாதான். 'டிக்' என்பது தொழிலால் வந்தது.

அரக்கோணம் ரோட்டில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கம்பெனி. அங்கே நாங்கள் செய்தது மூடி. தேன் பாட்டில், சாஸ் பாட்டில் தலையில் இருக்குமே, கட்டைவிரலால் நெம்பினால் சின்னக் கதவு மாதிரி திறக்கும் மூடி, அதுதான். அந்தக் கதவின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு பட்டை இருக்கும். முதல் தடவை திறக்கும்போது அது 'டிக்' என்று அறுந்துவிடும், பிறகு எந்தச் சாமி வந்தாலும் ஒட்டாது. உங்களுக்கு முன்னால் அந்தத் தேனில் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அந்தப் பட்டை ஒன்றுதான் சாட்சி.

அந்தப் பட்டை ஒழுங்காக அறுகிறதா என்று பார்ப்பது நைனாவின் வேலை. எங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு என்பது மொத்தமே ஒரு ஸ்டூல், ஒரு டியூப் லைட், நைனா, அவ்வளவுதான். மூட்டைக்குப் பத்து மூடி எடுப்பார். ஒவ்வொன்றையும் காதோரம் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு திறப்பார். டிக் வந்தால் நல்ல மூடி. வராவிட்டால் அதற்கு அவர் வைத்த பெயர் 'ஊமை'. ஊமை மூடிகள் பக்கத்திலேயே இருந்த அரைக்கும் மெஷினுக்குப் போகும். அந்த மெஷின் ஓடும்போது நாங்கள் ஒருவரோடு ஒருவர் கையால்தான் பேசிக்கொள்வோம்.

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், திறந்து பார்த்த மூடியை விற்க முடியாது. நல்ல மூடி என்று அவர் சான்றிதழ் கொடுக்கும் அந்த நொடியே அது குப்பை. பத்து போதும் என்று முதலாளி எழுதியே ஒட்டியிருந்தார். நைனாவுக்குப் பத்தாவது மூடி நல்லதாக இருந்தால் பதினொன்றாவதின் மேல் சந்தேகம் வரும். ஒரு நாள் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வருவதற்குள் ஒரு மூட்டையை முழுசாகத் திறந்துவைத்துக்கொண்டு, "எல்லாமே சொக்கத்தங்கம்மா, ஒண்ணுகூட ஊமை இல்ல" என்று சிரித்தார். லோடு அனுப்பும் பொறுப்பு என்னுடையது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. அவருடைய டிபன் பாக்ஸைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். அதன் மேல் அவர் வீட்டம்மா தினமும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அம்மா நகரிக்காரர், தெலுங்கில்தான் போடுவார். நைனா அதைச் சரிபார்த்து, பட்டையைக் கிழித்து, அப்புறம்தான் சாப்பிடுவார். ஒரு நாள் வீட்டில் ஏதோ சண்டை. அந்த அம்மா வேண்டுமென்றே தமிழில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். மனிதர் பாக்ஸை மேஜை மேல் வைத்துப் பார்த்தபடியே சாயந்திரம் வரை பட்டினி கிடந்தார். மனசு கேட்காமல் என் எலுமிச்சை சாதத்தை நீட்டினேன். இதை மூடினது யாரு என்று கேட்டார். அவர் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் நானே தின்று முடித்தேன்.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் கம்பெனி சார்பில் மலையடிவாரத்தில் தண்ணீர் பாட்டில் கொடுப்போம். அந்த வருஷம் பந்தலில் நைனாவை நிறுத்தியது யார் புத்தியோ தெரியவில்லை. பாட்டிலைக் கொடுத்துவிட்டு, திறக்கும்போது டிக் வந்ததா என்று ஒவ்வொருவரிடமும் விசாரணை. வரிசை ரோடு வரைக்கும் போய்விட்டது. தோளில் காவடியோடு ஒரு ஆள், வேர்த்து விறுவிறுத்து, தன் இரண்டு கையும் காவடியில் இருக்கிறது, நீங்களே திறந்து வாயில் ஊற்றுங்கள் என்று கெஞ்சினார். நைனா திறந்தார். டிக் வந்தது. ஊற்றப் போனவர் நிறுத்திவிட்டார்.

"தொறந்தது நானு, குடிக்கப்போறது நீ. என்னை நீ எப்படிப்பா நம்பற?"

அந்த ஆள் அரோகரா போட்ட குரலிலேயே ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். நான்தான் பாட்டிலைப் பிடுங்கி அவர் வாயில் ஊற்றினேன்.

இவருக்கு செல்போன் வேறு. சட்டைப் பையில் அது கீச்சுக் கீச்சென்று அடித்துக்கொண்டே இருக்கும், ஐயா கண்டுகொள்ளவே மாட்டார். உடனே அவர் வீட்டம்மா என் நம்பருக்குப் போட்டு, இன்னாத்துக்குத்தான் அந்த மனுஷன் போனை எடுக்க மாட்டேங்கிறாரு என்று என்னைத் திட்டுவார். திமிர் என்றுதான் நானும் நினைத்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் சென்னைத் தேன் கம்பெனி ஒன்றின் ஆர்டர் வந்தது. எங்களுக்கு அவ்வளவு பெரிய ஆர்டர் அதற்கு முன் கிடைத்ததில்லை. ஒவ்வொரு லோடோடும் பரிசோதகர் கையெழுத்துப் போட்ட சீட்டு வர வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. முதல் லோடை நைனா ஊமை என்று கழித்தார். அரைத்தார்கள். இரண்டாவதையும் கழித்தார், அதுவும் மெஷினுக்குப் போனது. மூன்றாவதையும் அவர் ஊமை என்றதும் முதலாளி பொறுமை இழந்து, சீட்டு இல்லாமலே ஏற்றச் சொல்லிவிட்டார். நைனா லாரியில் ஏறி மூட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டு திருவள்ளூர் வரை போனார். அங்கே போலீஸ்காரர் நிறுத்தி, மேலே இருப்பது யார் என்று டிரைவரைக் கேட்டிருக்கிறார். இவரே எட்டிப் பார்த்து, லோடில் கோளாறு சார், திருப்பச் சொல்லுங்க என்று சொல்லியிருக்கிறார். லாரி திரும்பி வந்தது. அதையும் அரைத்தார்கள்.

நாலாவது லோடு நாற்பது மூட்டை. காலையிலேயே முதலாளி எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார். சாயந்திரத்துக்குள் சீட்டோடு லோடு போகாவிட்டால் தேன்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள், அதன் பிறகு யாரும் இங்கே வரத் தேவையில்லை. இருபத்திரண்டு பேர் இருந்தோம். அம்மையார்குப்பத்தில் அப்பா தறியை நிறுத்திய பிறகு எங்கள் வீட்டில் உலை கொதித்தது என் சம்பளத்தில்தான். லாரி வாசலில் நின்றது. நைனா முதல் மூடியைக் காதில் வைத்துத் திறந்தார்.

"ஊமை" என்றார்.

எனக்கு அந்த டிக் நன்றாகக் கேட்டது. மூன்றடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது. அடுத்ததும் டிக் என்றது, ஊமை என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வருது நைனா, எனக்குக் கேக்குது என்று கத்தினேன்.

"உன் காதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாதும்மா" என்றார்.

அவர் பையில் செல்போன் கீச்சுக் கீச்சென்று அடித்தது. அவர் பாட்டுக்கு மூன்றாவது மூடியை எடுத்தார். நான் அவரையும் அந்தப் பையையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றேன். எங்கள் அப்பாவும் இப்படித்தான். முப்பது வருஷம் பவர்லூம் சத்தத்தில் நின்றவர். பேச்சு நன்றாகக் கேட்கும், நாலு வீடு தள்ளி நடக்கும் சண்டைகூடக் கேட்கும். செல்போன் மணி கேட்காது, குக்கர் விசில் கேட்காது. மெல்லிய கீச்சுச் சத்தம் மட்டும் காதிலிருந்து கழன்று போய்விட்டது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்படித்தான்.

நைனாவின் ஸ்டூலுக்குப் பக்கத்தில்தான் அரைக்கும் மெஷின் என்று சொன்னேன் இல்லையா? அவர் கழித்த மூடிகளை அரைத்த மெஷின் அவர் காதையும் சேர்த்து அரைத்திருந்தது.

வாயால் சொன்னால் நம்புகிற ஜென்மமா அது? அவர் நம்புகிற சாட்சி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அலமாரி மேல் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. கம்பெனி ஆரம்பித்த புதிதில் வந்த மிக நல்ல மூடிகளில் நூறு எடுத்துவைத்து, சுற்றிலும் காகிதம் ஒட்டி, தானே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். அதில் ஒன்றுகூட ஊமை கிடையாது என்று பத்து தடவையாவது என்னிடம் சத்தியம் செய்திருக்கிறார். அதை இறக்கி அவர் முன்னால் வைத்தேன். இதைத் தொறங்க நைனா என்றேன்.

தன் கையெழுத்தை அவர் சரிபார்த்தார். அந்த நேரத்திலும் சரிபார்த்தார். காகிதத்தைக் கிழித்து ஒரு மூடியை எடுத்து, கண்ணை மூடிக் காதோரம் திறந்தார். டிக். கண்ணைத் திறக்கவே இல்லை. இன்னொன்று எடுத்தார். இன்னொன்று. நாலாவதைத் திறக்காமலே டப்பாவில் திரும்ப வைத்தார்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "உனக்குக் கேக்குதா?" என்றார்.

"ஆங், கேக்குது நைனா."

"அப்போ அந்த மூணு லோடு?"

அத்தனை நாள் அவர் மேல் இருந்த கோபத்தில் கொஞ்சமாவது மிச்சம் இருக்காதா என்று தேடிப் பார்த்தேன். அழுகைதான் வந்தது. அவர் தலையைக் குனிந்து அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் டிரைவர் ஹாரன் அடித்தார். அந்தக் கனத்த சத்தம் மட்டும் நைனாவுக்கு நன்றாகக் கேட்டது, திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

அப்புறம் ஸ்டூலை நகர்த்தி எனக்குப் பக்கத்தில் போட்டார். மூட்டையிலிருந்து ஒரு மூடியை எடுத்தார். அதைத் தன் காதுக்குக் கொண்டுபோகவில்லை. என் காதுக்கு நேராகப் பிடித்துத் திறந்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தார். "டிக்" என்று நான் வாயால் சொன்னேன். சீட்டில் கோடு போட்டார். அடுத்தது. டிக். அடுத்தது. டிக். முதலாளி எட்டிப் பார்த்து, இரண்டு பேருக்கும் என்ன கிறுக்கு என்று கேட்டுவிட்டுப் போனார். நாங்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை.

முப்பத்தோராவது மூட்டையில் ஒரு மூடி சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது.

லாரி கிளம்பத் தயாராக இருந்தது. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் 'டிக்' என்று சொல்லியிருந்தால் இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. என் வேலை, அந்த இருபத்திரண்டு பேர், அப்பா, எல்லாம் கண் முன்னால் வந்தது. நைனா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல நைனா" என்றேன்.

அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை. நிச்சயமா என்று கேட்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும் இல்லை. பதினொன்றாவது மூடி மேல் சந்தேகப்படுகிற மனிதர், பெண்டாட்டி கையெழுத்தைத் தினமும் சரிபார்க்கிற மனிதர், அந்த மூட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனார். முப்பத்தொன்பது மூட்டை ஏறியது. ஒரு மூட்டை குறைந்ததற்கு முதலாளி என்னைத்தான் கடித்துத் துப்பினார், ஆனால் லோடு போய்ச் சேர்ந்தது, தேன்காரர்களும் எங்களை விட்டுப் போகவில்லை. சீட்டில் கீழே நைனாவின் கையெழுத்து. அன்று என் காதுக்கு அவர் கையெழுத்துப் போட்டார்.

அதற்காக மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். டிபன் பாக்ஸில் காகிதப் பட்டை மறுநாளும் இருந்தது. என் வேலையும் பார்த்து, அவருக்குக் காதாகவும் உட்கார்ந்து, மூன்று வருஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் கொஞ்சம் அசந்து தாமதமாகச் சொன்னால், "தூங்கிகினு இருக்கியா?" என்று அதட்டல் வேறு.

இப்போது அவர் நகரியில் மகன் வீட்டில் இருக்கிறார். போன் போட்டால் எடுப்பதில்லை. அவர் வீட்டம்மாதான் எடுத்து, வழக்கம்போல என்னைத் திட்டுவார். என் வீட்டில் புதுத் தேன் பாட்டில் வாங்கினால் நான்தான் திறப்பேன். பட்டை அறுந்ததும் என்னை அறியாமல் 'டிக்' என்று சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். சத்தம்தான் கேட்டுச்சே, அதை எதுக்குச் சொல்ற என்று கணவர் சலித்துக்கொள்கிறார். நமக்குக் கேட்டது, நைனாவுக்குக் கேட்டிருக்காதே.