கோஸ்தான் எடுக்காத கோஸ்தான் அண்ணன்

மலேசியச் சாலைகளில் வண்டி ஓட்டியவர்களில், முன்னால் மட்டுமே ஓட்டிப் பிழைத்தவர் ஒரே ஒருவர்தான். அவரை எனக்குத் தெரியும்.

கோலாலம்பூரின் செந்தூலில் நாங்கள் குடியிருந்த ஃபிளாட்டில் அவருக்குக் கோஸ்தான் அண்ணன் என்று பெயர். வண்டியைப் பின்பக்கமாக எடுப்பதை நம் நாட்டில் கோஸ்தான் என்கிறோம். அதை அவர் செய்யவே மாட்டார். மொட்டைத் தலைக்காரரைச் சுருட்டை என்று கூப்பிடும் அதே நியாயத்தில் வந்த பெயர் இது. சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

வார நாள்களில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று வேன் வாடகைக்குப் போகும். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன, பிள்ளைகள் இல்லை. வேனை ஓர் இடத்தில் நிறுத்த வேண்டுமென்றால், அந்த இடத்துக்குள் நுழைய ஒரு வழியும் வெளியேற வேறொரு வழியும் இருக்க வேண்டும். கோலாலம்பூரில் அப்படிப்பட்ட இடங்கள் எவையெவை என்று அவருக்கு அத்துப்படி. எதிர்க்கடையில் பசியாறுவதற்குக்கூட இரண்டு தெரு தள்ளி வேனை நிறுத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்க நடந்து வருவார்.

ஒருமுறை பெட்ரோல் போட எண்ணெய்க் கடையில் பம்ப்பைத் தாண்டி ஒரு கை நீளம் முன்னால் நிறுத்திவிட்டார். கொஞ்சம் கோஸ்தான் போடச் சொன்ன பணியாளுக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே போனார். ஒருவழிச் சாலைகளின் தயவில் ஊரைச் சுற்றித் திரும்பி வருவதற்குள் டேங்க் காலியாகி வேன் நடுவழியில் நின்றது. தள்ள வந்தவர்களிடம் அவர் வைத்த ஒரே வேண்டுகோள், முன்பக்கமாகத் தள்ளுங்கள் என்பதுதான்.

மந்தின் என்ற ஊரில் ஒரு கல்யாணம். மண்டபத்தின் வாகன நிறுத்துமிடம் சுவரில் போய் முடிகிறது என்று தெரிந்ததும், மாப்பிள்ளை வீட்டாரைப் பெரிய சாலையிலேயே இறக்கிவிட்டார். வெயிலில் மாப்பிள்ளை நடக்க, பின்னால் சொந்தபந்தம் தட்டுகளோடு நடக்க, மேளக்காரர்கள் சும்மா நடப்பானேன் என்று வாசிக்க ஆரம்பித்தார்கள். பெண் வீட்டார் அசந்துபோனார்கள். இப்படி முறையாக மாப்பிள்ளை அழைப்பு செய்து இந்தப் பக்கத்தில் பார்த்ததே இல்லை என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொல்ல, அந்த அம்மாளும் எங்கள் வழக்கம் இதுதான் என்று ஏற்றுக்கொண்டார்.

காரணம் கேட்டால் ஆளுக்கொரு பதில். பிள்ளைகளிடம் பின்னால் பேய் நிற்கிறது என்பார். போலீஸ்காரரிடம் கியர் கோளாறு என்றார். எங்கள் ஃபிளாட் சங்கத்தின் தலைவர் நடராஜாவிடம், மனுசன் வாழ்க்கையில் முன்னேற வேண்டாமா என்று கேட்டார். நடராஜாவை எல்லாரும் சேர்மன் என்றுதான் அழைப்போம். எதையும் விசாரிக்காமல் விடமாட்டார். மெக்கானிக்கையே போய்ப் பார்த்தார். அந்த வேனில் எல்லாமே தேய்ந்துவிட்டது, ரிவர்ஸ் கியர் மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறது என்று மெக்கானிக் சாட்சி சொன்னார்.

இந்த நிலையில்தான் ரோசம்மா அக்கா போர்டிக்சன் போக வேன் கேட்டார்.

ரோசம்மா அக்கா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்பவர். மூன்றாவது மாடி. ஒரே மகன் ஸ்டீவன். போர்டிக்சனில் உள்ள ராணுவ முகாமில் அவனுக்குப் பயிற்சி முடிந்து அணிவகுப்பு. ஒன்பது மணிக்குச் சிறப்பு விருந்தினர் வருவார். அதற்கு முன் கேட்டை மூடிவிடுவார்கள். பிறகு யாரும் உள்ளே போக முடியாது. ஸ்டீவன் சின்ன வயதில் பள்ளிப் பரிசளிப்புக்கெல்லாம் அவன் அப்பா வருகிறேன் என்று சொல்வார், வரமாட்டார். அவன் வாசலையே பார்த்துக்கொண்டு பரிசு வாங்குவானாம். இந்த முறை அம்மாவிடம் கேட்டிருந்தான். அம்மா வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

போர்டிக்சன் என்றதும் பாதி ஃபிளாட் கிளம்பிவிட்டது. அணிவகுப்பு முடிந்ததும் கடற்கரை, குளியல், சாப்பாடு என்று சேர்மன் திட்டம் போட்டார். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் ஒரு பெரிய சட்டியில் ஏறியது. நானும் ஏறினேன். இருட்டு விலகும் முன்பே கிளம்பினோம்.

சிரம்பானை நெருங்கும்போது நெடுஞ்சாலை அப்படியே நின்றுவிட்டது. முன்னால் ஏதோ விபத்து. ரோசம்மா அக்கா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் சேலை மடிப்பை நீவுவதுமாக இருந்தார். கண்ணாடியில் அதைக் கவனித்த கோஸ்தான் அண்ணன், ஊர்ந்து ஊர்ந்து போய் ஒரு வெளிவழியில் இறங்கினார்.

"எஸ்டேட் ரோட்டுல போவோம். சின்ன வயசுல ரப்பர் பால் டேங்க் லோரி ஓட்டுன ரோடு. கண்ண மூடிக்கிட்டு போவேன் லா."

சிலியாவ் பக்கம் ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தோம். அவர் காலத்து ரப்பர் மரங்கள் போய் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. செம்மண் பாதை, இருபுறமும் வாய்க்கால், ஒரு வண்டிக்குத்தான் இடம். வேன் துள்ளிக்கொண்டு வெகுதூரம் போனது. ஒரு வளைவு தாண்டியதும் பிரேக் போட்டார்.

பாதைக்குக் குறுக்கே பள்ளம் வெட்டியிருந்தார்கள். இரவில் லோரியோடு வந்து செம்பனைக் குலை திருடுபவர்களைத் தடுக்கத் தோட்டங்களில் செய்கிற ஏற்பாடு. நல்ல ஆழம். வேலையில் குறையே சொல்ல முடியாது.

எல்லாரும் அவர் முதுகையே பார்த்தோம்.

"அண்ணே, வேற வழி இல்ல," என்றார் சேர்மன்.

கோஸ்தான் அண்ணன் இறங்கினார். பள்ளத்தைப் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார். பிறகு அமைதியாக ஒரு யோசனை சொன்னார். எல்லாரும் சேர்ந்து வேனைத் தூக்கித் திருப்பி வைத்துவிடலாம்.

இதை அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆண்கள் எல்லாரும் பின்பக்கம் போய்க் குனிந்து பிடித்தோம். சேர்மன் மூன்று எண்ணினார். வேன் தன் துருவைக்கூட உதிர்க்கவில்லை. சேர்மனுக்கு மட்டும் இடுப்பு பிடித்துக்கொண்டது. அடுத்ததாக, செம்பனை மட்டைகளைப் போட்டுப் பள்ளத்தை நிரப்பலாம் என்று கோஸ்தான் அண்ணன் ஆரம்பித்தார். அதற்கு மத்தியானம் ஆகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஏனென்றால் ரோசம்மா அக்கா வேனிலிருந்து இறங்கி அவரிடம் வந்துகொண்டிருந்தார்.

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

"அண்ணே, எம் புள்ள வாசலையே பாத்துக்கிட்டு நிப்பான். ஏன் முடியாதுன்னு மட்டும் சொல்லிருங்க. நான் இப்பிடியே நடந்து போயிர்றேன்."

அவர் செம்மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பின்னால தட்டுறதுக்கு ஆளு இல்ல, ரோசு."

அவருக்கு வண்டி பழக்கியவர்கள் முன்னால் போக மட்டுமே பழக்கினார்களாம். கண்ணாடியைப் பார்த்துப் பின்னால் எடுப்பது கடைசிவரை கைவரவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து மனைவி தங்கம் லோரியிலும் பிறகு வேனிலும் கூடவே வந்தார். இவர் கியர் போடும்போது இறங்கிப் பின்னால் போய்த் தகரத்தில் தட்டுவார்.

"தட்டுற வரைக்கும் வரலாம். நிறுத்துனா நிக்கணும். அவ்ளோதான் எனக்குத் தெரியும். அவ போனப்புறம் ஒரு தடவ போட்டுப் பாத்தேன். பின்னால சத்தமே இல்ல. பிரேக்ல இருந்து கால் எடுக்க முடியல."

சேர்மன் இடுப்பைப் பிடித்தபடி முன்வந்தார். "நான் தட்டுறேன் அண்ணே."

"நீங்க அவசரத்துல தட்டுவீங்க," என்றார் கோஸ்தான் அண்ணன்.

ரோசம்மா அக்கா கைப்பையை என்னிடம் கொடுத்தார். சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு வேனின் பின்மூலைக்குப் போனார். உள்ளங்கையால் தகரத்தில் தட்டினார். நிதானமாக, விட்டு விட்டு, தொட்டில் பிள்ளையைத் தட்டுகிற மாதிரி.

கோஸ்தான் அண்ணன் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றார். பிறகு ஏறி உட்கார்ந்தார். கியர் விழுகிற சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

வேன் பின்னால் நகர்ந்தது. அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை, தலையையும் திருப்பவில்லை. நேராக, விலகிப் போகும் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வளைவில் தட்டல் நின்றது. அதே நொடியில் வேனும் நின்றது. ரோசம்மா அக்கா வாய்க்காலை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி தட்டினார். வேன் மறுபடி வந்தது. நாங்கள் பின்தொடர்ந்து நடந்தோம். சேர்மன்கூட யோசனை எதுவும் சொல்லவில்லை. செம்பனைக் குலை ஏற்றும் மேடு வரை வந்து, அங்கே வேனைத் திருப்பினார். எல்லாரும் தாவி ஏறினோம்.

முகாமை அடைந்தபோது காவலுக்கு நின்ற இளம் சிப்பாய் கேட்டை இழுத்துக்கொண்டிருந்தார். ரோசம்மா அக்கா ஓடினார். முழங்கால் வரை செம்மண், வலது கை முழுக்கக் கறுப்பு. சிப்பாய் அந்தக் கோலத்தைப் பார்த்தார். கேட்டை ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் தள்ளிப் பிடித்து, வாங்கம்மா என்கிற தொனியில், சீக்கிரம் மக்சிக் என்று மலாயில் சொன்னார். எங்களையெல்லாம் விடவில்லை. வேலிக்கு வெளியே நின்று, தூரத்தில் ஒரே மாதிரி நடந்த பல தலைகளில் ஸ்டீவன் எது என்று வாக்குவாதம் செய்தோம். கோஸ்தான் அண்ணன் மட்டும் வேனிலேயே இருந்தார். ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே இருந்தார்.

முடிந்ததும் அம்மாவும் மகனும் வந்தார்கள். அவன் அம்மாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

"ஒண்ணும் இல்ல லா. வண்டி கோஸ்தான் எடுத்தோம்," என்றார் ரோசம்மா அக்கா.

"நீங்க உள்ள வர்றத பாத்தேன் ம்மா."

"தெரியும். தல திரும்புச்சு. வரிசைல திரும்பலாமா டா?"

போர்டிக்சனின் பத்தாவது மைல் கடற்கரையில் சாப்பிட்டோம், குளித்தோம். சேர்மன் இடுப்பைக் கடல்நீரில் ஊறவைத்தார். சாயங்காலம் வேனுக்குத் திரும்பியபோதுதான் எல்லாரும் ஒரு விஷயத்தைக் கவனித்தோம். கோஸ்தான் அண்ணன் வேனை ஒரு சுவரைப் பார்த்து நிறுத்தியிருந்தார். முன்னால் போக வழியே இல்லை. எதிரே, வெளியேற வழியுள்ள இடங்கள் எத்தனையோ காலியாக இருந்தன.

யாரும் வேனில் ஏறவில்லை. ஒருவர் பின் ஒருவராகப் பின்பக்கம் போய் நின்று தட்ட ஆரம்பித்தோம். உள்ளிருந்து அவர் தலை வெளியே வந்தது.

"எல்லாரும் தட்டுனா நான் யாரக் கேக்குறது?"

கைகளை எடுத்துக்கொண்டோம். ரோசம்மா அக்காவின் வலது கை வீங்கியிருந்தது. இடது கையால் தட்டினார். வேன் சுவரை விட்டு நகர்ந்தது. திருப்புவதற்கு வேண்டிய இடம் வந்தது, அதையும் தாண்டியது. பின்னால் திடல் காலியாகக் கிடந்தது. அவர் வந்துகொண்டே இருந்தார். ரோசம்மா அக்கா தட்டுவதை நிறுத்தவில்லை. நாங்களும் நிறுத்தச் சொல்லவில்லை.