இருபது அடி தூரம்

கண் பரிசோதனைக்கு இன்னும் பதினெட்டு மணி நேரம் இருந்தது.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் இருபத்திரண்டு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறவர் பீட்டர். ஒரு தடவைகூடச் சரக்கைத் தவறவிட்டதில்லை. அன்று நோட்டீஸ் போர்டில் கண்ணை இடுக்கிப் பார்த்ததில் 'கிரேன்', 'கண் பரிசோதனை', 'பீட்டர்' என்ற மூன்றுதான் தெரிந்தன. மீதியெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. கண்ணாடி வாங்கச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

"ஃபெயிலானா கிரேன வுட்டு எறக்கிடுவானுங்க" என்றார் வீட்டில்.

பி.எஸ்சி. முடித்த மகள் ஹெலன், தன் பையிலிருந்தே ஓர் எழுத்து அட்டையை எடுத்துச் சுவரில் மாட்டினாள்.

"இருவது அடில நல்ல கண்ணு படிக்கிற வரிய நீயும் அங்கேர்ந்தே படிச்சா, ட்வென்டி ட்வென்டி நைனா."

"மேனேஜர் மீட்டிங்ல 'ஹைண்ட்சைட் ட்வென்டி ட்வென்டி'ன்றாரே, அதுவா?"

"அதேதான். நடந்து முடிஞ்சத திரும்பிப் பாத்தா எல்லாருக்கும் அந்தக் கண்ணு வந்துடுமாம்."

"அப்போ முதுவ காட்டிக்கினு நின்னா நான் பாஸா?"

வீட்டுக்குள் இருபது அடி இல்லை. அட்டையை வாசல் சுவருக்கு மாற்றிவிட்டு, பீட்டர் தெருவைத் தாண்டி, எதிர்வீட்டுக் கெங்கம்மாள் வாசலில் போய் நின்றார். இரண்டாவது வரியே மங்கியது.

"இன்னா பீட்டரு, இந்த வயசுல ஏபிசிடியா?" என்றாள் கெங்கம்மாள்.

மானம் போனது. உருப்போட்டுவிடுவதென்று முடிவு செய்தார். அட்டையைப் பார்த்துச் சொன்னால் குழம்பியது. திரும்பி நின்று சொன்னால் ஒரு பிழையும் இல்லை. தெருவே கேட்க, திரும்பி நின்றே நாற்பது தடவை ஒப்பித்தார்.

காலையில் ஹெலனும் தேய்த்த சுடிதாரில் பைக்கில் ஏறிக்கொண்டாள்.

"துணைக்கு ஆளு வாணாம்மா."

"பரவால்ல நைனா."

ஆலை மருத்துவ அறையில் நர்ஸ் பூமிகா உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பீட்டர் தரையில் போட்டிருந்த இருபதடிக் கோட்டில் நின்றார். பழக்கதோஷம், சுவருக்கு முதுகைக் காட்டினார்.

"ஈ! எஃப், பி! டி, ஓ, இசட்! எல், பி, ஈ, டி!"

பூமிகா சுருட்டிய அட்டையோடு ஓடி வந்தாள்.

"அண்ணே, நான் இன்னும் அட்டையே மாட்டல!"

"மாட்டினா இன்னா, மாட்டாட்டி இன்னா? பாஸா இல்லியா, அத்த சொல்லு!"

ஹெலன் தரையைப் பார்த்தாள். பூமிகா பட்டியலைப் பார்த்தாள்.

"டெஸ்ட்டு உங்களுக்கு இல்லண்ணே. நம்ம கம்பெனில கிரேன் ஓட்டப் போற மொத பொண்ணு ஹெலனுக்கு. உங்க பேரு, கத்துக்குடுக்கறவருன்னு போட்டுக்கீது."