முசியே அடித்த மெமோ

மேனேஜர் சொன்னபடி ஒரு வரிகூட அடிக்காமல் இருபது வருஷம் டைப்பிஸ்டாகக் காலம் தள்ளியவர், புதுச்சேரியிலேயே எங்கள் முசியே ஒருவர்தான்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு சோப்புக் கம்பெனி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். முசியே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். காலையில் வாட்ச்மேனுக்குக்கூட 'போன்ழூர்' என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்வார். அதனால்தான் பிரெஞ்சில் 'ஐயா' என்கிற அந்தப் பட்டம். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

மெமோ யாருக்கோ, அந்த ஆளை ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் டைப் அடிக்க உட்காருவார். அவர் சும்மா நம் மேசைப் பக்கம் வந்தாலே, அடுத்த மெமோ நமக்குத்தான் என்று ஃபைலை இழுத்து வைத்துக்கொள்வோம்.

ஒரு முறை, லேட்டாக வந்தால் அரைநாள் லீவு வெட்டு என்று எல்லோருக்கும் மெமோ அடிக்கச் சொன்னார் மேனேஜர். ஸ்டோர் கீப்பர் நாயகம், சீல் வைத்த காகிதத்தைப் பார்த்தாலே வியர்த்துப்போகிறவர். அவருடைய மெமோவில் முதல் வரி: 'இது உங்களைப் பற்றியது அல்ல.' பாய்லர் ஃபோர்மேன் ஆறுமுகம் முன்கோபி. அவருக்கு, 'நீங்கள் எட்டு மணிக்கு வந்தால் மற்றவர்கள் ஏழே முக்காலுக்கே வந்துவிடுவார்கள்.' எனக்கு எதற்கெடுத்தாலும் காரணம் கேட்கிற வியாதி. ஒன்றரைப் பக்கம் காரணமாகவே வந்தது. எட்டாவது காரணத்தில் தோற்றுப்போனேன்.

ஒரு வாரம் எல்லோரும் நேரத்துக்கு வந்தோம். அப்புறம் டீக்கடையில் ஆறுமுகம் நாயகத்தின் மெமோவைப் பார்த்துவிட்டார்.

"இன்னாயா இது, ஒனக்கு மட்டும் கொஞ்சிக் கொஞ்சி எழுதியிருக்கு?"

பேச்சு மேனேஜர் வரை போனது.

"நான் ஒண்ணு சொன்னா நீங்க பத்து அடிக்கிறீங்களா?"

"விஷயம் ஒண்ணுதான் சார். படிக்கிறவங்கதான் வேற வேற" என்றார் முசியே நிதானமாக.

அடுத்த மெமோ மேனேஜரே உட்கார்ந்து அடித்தது; அவருடைய சொந்த வார்த்தைகளில், எல்லோருக்கும் ஒரே கார்பன் காப்பியாக வந்தது: ஒழுங்கீனம் தொடர்ந்தால் கடும் நடவடிக்கை. நாயகம் மூன்று நாள் மெடிக்கல் லீவு போட்டார். ஆறுமுகம் மெமோவை நாலாக மடித்து மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பாய்லர் நின்றது. அண்டாவில் சோப்பு பாதியிலேயே இறுக ஆரம்பித்தது.

"அந்த ஆளுக்கு எப்படி எழுதணுமோ எழுதுங்க முசியே." மேனேஜரின் குரல் இறங்கியிருந்தது.

முசியே டைப் மெஷினுக்கு உறை போட்டார். "இப்ப அவருக்குக் காயிதமே ஆவாது சார். நேர்ல போறேன்."

சைக்கிளில் மூலக்குளத்தில் இருந்த ஆறுமுகம் வீட்டுக்குப் போனார். இரண்டு மணி நேரம் கழித்து ஆறுமுகம் சைக்கிளை மிதிக்க, முசியே கேரியரில் உட்கார்ந்து திரும்பி வந்தார்.

"இன்னா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. மீன் கொழம்பு ஊத்துனாரு, சாப்ட்டேன். அவரே பேசுனாரு. பேசி முடிச்சிட்டு சட்டைய மாட்டிக்கினாரு."

அதற்குப் பிறகு மேனேஜர் விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு, "மிச்சம் உங்க இஷ்டம்" என்று எழுந்துவிடுவார்.

சில வருஷம் கழித்து என் அப்பா இறந்துபோனார். காரியம் முடிந்தும் எனக்கு வேலைக்குப் போக மனசு வரவில்லை. வந்த ஆறுதல் கடிதங்களைப் பாதியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கம்பெனி கவர் வந்தது. உள்ளே முசியே கையாலேயே எழுதியிருந்தார்: 'உங்கள் நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. மெதுவாக வாருங்கள்.'

மறுநாளே போனேன்.

அவருக்கு நன்றி சொல்லி நாலு வரி எழுத வேண்டும் என்று ரொம்ப நாள் நினைத்தேன். எப்படி எழுதினால் அவர் மனசுக்குப் பிடிக்கும் என்று தெரியாமல், கடைசிவரை எழுதவே இல்லை.