உற்சாகத்துக்கு ஒரு கேக்

"கேக்கா? இன்னைக்கு யாருக்கு சார் லாஸ்ட் டே?"

ஜெயலக்ஷ்மி கேட்ட பிறகுதான் தியோடருக்குத் தன் மடத்தனம் உறைத்தது. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்த அந்த ஓட்டல் புக்கிங் கம்பெனியில் பிறந்தநாளுக்கு சமோசா, வேலையை விட்டுப் போகிறவருக்குத்தான் கேக். பதினோரு வருஷமாக அங்கே குப்பை கொட்டியவருக்கு இது எப்படி மறந்தது? காக்ஸ் டவுன் வீட்டிலிருந்து கேப் வண்டியில் கேக்கை மடியிலேயே வைத்துக்கொண்டு வேறு வந்திருந்தார்.

"யாருக்கும் இல்லம்மா! சும்மா, எல்லாரும் உற்சாகமா இருக்கணும்னு..."

"சும்மாவா? நீங்களா?"

அவர் காசில் ஒரு காபிகூடக் குடித்தறியாத அவர் டீம் ஆட்கள் ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிரண் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, கண் கலங்கினான்.

டீம் லீடர் வேறென்ன செய்வார், பாவம்! வாடிக்கையாளர்களுக்கு டீம் சொல்லிவந்த பதிலைத் தானே சொல்ல அடுத்த வாரம் புது மென்பொருள் வருகிறது. திங்கட்கிழமை டைரக்டர் பத்ரிநாத் அவரைத் தனியாகக் கூப்பிட்டிருந்தார்.

"ஒருத்தரைக் குறைக்கணும் தியோடர். யாருன்னு ஒரு பேரு எழுதிக் குடுங்க. வெள்ளிக்கிழமை நானே சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் டீம்ல ஒரு முகம் வாடக் கூடாது."

தியோடர் ரொம்ப நேரம் யோசித்து, 'ஜெயலக்ஷ்மி' என்று எழுதிக் கொடுத்தார். அவள் சண்டை போடமாட்டாள், அவ்வளவுதான் காரணம். போன வருஷம் அவர் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தபோது ஒரு மாதம் அவருடைய வேலையையும் சேர்த்துப் பார்த்தவள் அவள். தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று அன்றிலிருந்து அவருக்கே அவரைப் பிடிக்கவில்லை. ஷேவ் பண்ணக்கூடக் கண்ணாடி பார்க்கக் கூசியது.

சரி, கேக்கால் வந்த பயத்தைப் பேசித் தீர்ப்போம் என்று ஒவ்வொருவராகக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். அந்த அறைக்குள் போய் வேலையோடு திரும்பியவர்கள் கம்மி என்பது கிரண் உள்ளே வந்து உடைந்து அழுதபோதுதான் ஞாபகம் வந்தது.

"சார், நீங்க ரொம்ப நல்லவரு சார். உங்க மாதிரி யாரும் கிடைக்க மாட்டாங்க!"

"ஐயோ, நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையேப்பா!"

அடுத்து வந்தவன் சுஹாஸ். அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டான். வேலைக்காக மனிதர்கள் இப்படிக் கெஞ்ச வேண்டியிருக்கிறதே என்று தியோடர் நொந்துகொண்டார்.

மறுநாள் மத்தியானம் ஜெயலக்ஷ்மி ஒரு தனி டப்பாவை நீட்டினாள்.

"பிசிபேளா பாத் சார். உங்களுக்குன்னே நெய் விட்டுப் பண்ணினேன்."

தியோடர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். யாராவது தன்னைத் திட்டியாவது எழுதட்டும் என்று, பேர் எழுதாமல் நிரப்பும் படிவம் ஒன்றை ஆறு பேருக்கும் அனுப்பினார். 'உங்கள் தலைவருக்கு எத்தனை மதிப்பெண்?' பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. ஆறு பேரும் பத்துக்குப் பத்து. போதாததற்கு ஒருவர் 'தெய்வம்' என்று வேறு எழுதியிருந்தார்.

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. டிபன் டப்பாவைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. நான் தெய்வமும் இல்ல, மண்ணும் இல்ல. உங்கள்ல ஒருத்தரை அனுப்பப் போறாங்க. பத்ரிநாத் சார் ஒரு பேரு எழுதிக் கேட்டாரு. நான்... ஜெயலக்ஷ்மி பேரை எழுதிக் குடுத்துட்டேன். என்னைச் செருப்பால அடிச்சாலும் தகும்."

திட்டுவார்கள் என்று காத்திருந்தார். ஆறு பேரும் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பரவாயில்ல சார், விடுங்க" என்றாள் ஜெயலக்ஷ்மி மெதுவாக.

"எப்படிம்மா பரவாயில்லங்கிறே? இப்படியா பெரிய மனசு உனக்கு?" தியோடர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

சுஹாஸ் பக்கத்தில் வந்து, அவர் கையிலிருந்த டப்பாவை வாங்கி மேஜையில் வைத்தான்.

"பேஜார் பண்ணிக்காதீங்க, அழாதீங்க சார்... ஒரு பேரு எழுதிக் குடுங்கன்னு பத்ரிநாத் சார் எங்க ஆறு பேரையும்கூடத் தனித்தனியா கூப்பிட்டுக் கேட்டாரு, நாங்க எல்லாரும் உங்க பேரைத்தான் எழுதிக் குடுத்தோம்."