நல்ல வெளிச்சத்தில் ஓர் இருட்டு

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி சதாவோ எழுதுவது. இங்கே மலையில் மேப்பிள் இலைகள் சிவந்து உதிர்ந்துகொண்டிருக்கின்றன. உங்கள் சப்போரோவில் இதற்குள் பனி விழுந்திருக்கும். அத்தானின் முழங்கால் அதைப் பொறுத்துக்கொள்ளும் என்று நம்புகிறேன். என்னைக் கேட்டால், இருக்கிறேன்.

உங்கள் மகள் ஹருனாவின் கல்யாணத்துக்கு வந்து பெண் வீட்டார் சார்பில் நான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். மன்னிக்கவும், வர இயலாது. மாப்பிள்ளைப் பையன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவனைப் பெற்றவன் டோஃபு கடை இசோகாய். எனக்கே வாக்களிப்பதாகச் சொல்லிவிட்டு, நாடகச் சங்கக் கூட்டத்தில் தன் பெயரையே எழுதிப் போட்டு, கதாநாயக வேடத்தைத் தட்டிக்கொண்டு போனவன். அன்றிலிருந்து ஒன்பது இலையுதிர்காலம் அவனோடு நான் பேசவில்லை. கோயில் மேடையில் வருடாவருடம் அவன் கையால் செத்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன்.

நீங்கள் ஊரைவிட்டுப் போய் நாளாகிறது, ஆனாலும் அந்தக் காட்சி மறந்திருக்காது. தம்பி நிலவில்லாத இரவில் மலைப்பாதையில் ஆள் தெரியாமல் தன் அண்ணனையே வெட்டிவிடுகிறான், விடிந்ததும் முகத்தைப் பார்க்கிறான். பின்னால் கருந்திரை தொங்கினால் இரவு; அது அவிழ்ந்து கீழே விழுந்தால் விடியல். விளக்கெல்லாம் முழுதாக எரியும், நாங்கள் மட்டும் ஒன்றும் தெரியாதவர்கள் போலக் காற்றைத் துழாவுவோம். ஒத்திகையில் முடிதிருத்தும் குகி சொல்வார்: "இவங்க ரெண்டு பேருக்கும் எதுக்குய்யா ஒத்திகை? கடைத்தெருவுல தினமும் இதைத்தானே பண்றாங்க." குகிதான் எங்கள் கறுப்பாடைக்காரர். தலைமுதல் கால்வரை கறுப்பில் வந்து பொருளெடுத்துக் கொடுப்பார். கறுப்பு என்றால் அங்கே யாரும் இல்லை என்று அர்த்தம்.

இந்த வருடம் நகராட்சிக் கலாசாரப் பிரிவுக்கு நெசு என்ற அம்மாள் மாற்றலாகி வந்தார். துன்பியல் நாடகத்தில் இருள் என்பது மனிதனின் குற்றமனம் என்று எங்கோ படித்திருக்கிறார். ஆகவே அந்தக் காட்சியில் நிஜமாகவே விளக்கை அணைக்க வேண்டும் என்றார். பள்ளியில் பாடம் நடத்திய பழக்கத்தில் நான் எழுந்து, நம் நாடகத்தில் இருள் மறைப்பதற்கு இல்லை, காட்டுவதற்கு; யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது மனிதன் முகம் எப்படியிருக்கும் என்பதை ஊரே பார்க்க வேண்டும், விளக்கை அணைத்தால் அது போய்விடும் என்று அமைதியாக, கொஞ்சம் நீளமாகவே, விளக்கினேன். நெசு அம்மாள், "அருமையான பாடம் சார்" என்று சொல்லிவிட்டு அணைப்பதாகவே முடிவு செய்தார். இசோகாய் எனக்கு ஆதரவாக வாய் திறந்தானா? கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாடகத்தன்று விளக்கு அணைந்தது. அக்கா, அது குற்றமனமும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் இருட்டு. முன்வரிசையில் ஒரு அம்மாளின் மடியிலிருந்து சோற்று உருண்டை உருண்டு போக, நாலைந்து பேர் கைப்பேசி விளக்கைப் போட்டுத் தேடினார்கள். அந்த வெளிச்சம் எங்கள் கண்ணில் அடிக்க, இருந்த கொஞ்சம் பார்வையும் போயிற்று. நான் நிற்க வேண்டிய இடத்தைத் தேடி வைக்கோல் செருப்போடு நகர்ந்தேன். எங்கேயோ இசோகாய் வாளை வீசும் சத்தம், ஒரு அலறல். என்னுடைய அலறல் இல்லை. பிறகு கருந்திரை விழுந்து பளீரென்று விடிந்தது. பார்த்தால், மேடை நடுவில் செத்துக் கிடப்பவர் குகி. பிரமாதமாகச் செத்திருந்தார், ஆனால் கறுப்பில் இருப்பதால் மேடைக் கணக்கில் அவர் இல்லாத ஆள். ஆக, இசோகாய் ஒன்றுமில்லாத தரையைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறான். செத்திருக்க வேண்டிய அண்ணன், அதாவது நான், விடிந்த பிறகும் மேடையோரத்துப் பைன் மரத்தடியில் கம்பம் மாதிரி நிற்கிறேன்.

நான் பேசாமல் இறங்கிப் போயிருக்கலாம். ஊர் முன்னால் அவனை ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து அவமானப்படுத்த அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. கால் படிக்கட்டுப் பக்கம் திரும்பவும் செய்தது.

இசோகாய் அழுகையை நிறுத்தினான். இரண்டு கைகளையும் நீட்டி, அந்தப் பட்டப்பகல் வெளிச்சத்தில், கண் தெரியாதவன்போல நடக்க ஆரம்பித்தான். குகி பிணமாகவே ஊர்ந்து போய்க் கருந்திரையின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தார். இரவு திரும்பி வந்ததைக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. இசோகாயின் கை என் முகத்தை உரசாமல் கடந்து போயிற்று. இருட்டுக் காட்சியில் ஒருவரையொருவர் கண்ணில் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டோம். உதடு அசையாமல் கேட்டான்:

"வாத்தியாரே, இப்ப சாவுறியா, இல்ல அடுத்த வருஷம் வரைக்கும் நான் காத்திருக்கணுமா?"

"வாளு உன்கிட்ட இருக்கு. என்னை ஏன் கேக்குற?" என்றேன்.

வெட்டினான். செத்தேன். விழும்போது தலை பலகையில் மோதாமல் உள்ளங்கையைக் கீழே கொடுத்தான். பிறகு அழுதான், அது ஒத்திகையில் இருந்த அழுகை இல்லை. வழக்கமாக அந்த இடத்தில் இசோகாயைப் பாராட்டிக் கூட்டத்திலிருந்து "டோஃபு கடை" என்று கூவுவார்கள். அன்றைக்கு யாரோ, "வாத்தியார்" என்று கூவினார்கள். கண்ணை மூடிக் கிடந்ததால் யாரென்று தெரியவில்லை.

இப்படி ஊரறியத் தலையைத் தாங்கிப் பிடித்தவனை எதிரில் வைத்துக்கொண்டு பழைய கோபத்தோடு விருந்தில் உட்கார முடியுமா? கோபம் இல்லாமலும் எனக்கு உட்காரத் தெரியாது. ஆகவேதான் வர இயலாது என்கிறேன்.

ஹருனா நிறைவாக வாழ என் ஆசிகள். அப்பா அம்மா படத்தின் முன் என் பங்குக்கும் ஒரு ஊதுபத்தி ஏற்றிவையுங்கள். அத்தான் பனியில் வெளியே போக வேண்டாம்.

தங்கள் தம்பி,
சதாவோ

பி.கு.: மேலே உள்ளதை இசோகாய்க்குப் படித்துக் காட்டினேன். எல்லாம் சரி, நான் சாவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன் என்பது மட்டும் விட்டுப்போயிற்று என்கிறான். சுத்தப் பொய். கல்யாணத்துக்கு முந்தின நாளே அவன் வண்டியில் இருவரும் வருகிறோம். தனித்தனி அறை வேண்டாம், பேச்சு இன்னும் முடியவில்லை.