மிலான் கோட்டு

டெரன்ஸ் விட்கம் கோட்டைத் திருப்பிப் பார்த்தார். உள்பைக்கு மேலே கொட்டை எழுத்தில் 'மிலான்' என்று தைத்திருந்தது. இத்தாலியில் தைத்த கோட்டு!

இன்னும் கொஞ்ச நேரத்தில் கட்சிக்காரர்கள் அவரை நேர்காணப் போகிறார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு இந்தத் தொகுதியின் வேட்பாளர் இடம் காலி. வேறு இரண்டு ஊர்களில் அவரை ஏற்கெனவே கழித்துக்கட்டிவிட்டார்கள். "இதுவும் போச்சுன்னா பேசாம எங்கண்ணன் கம்பளக் கடையில வந்து உக்காருங்க" என்று மனைவி ஜில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

பிரிட்டன் இன்னும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலம். ஆனால் லிங்கன்ஷயர் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்களுக்கு ஐரோப்பா என்றாலே ஆகாது. அதிலும் உள்ளூர்த் தலைவி ஹெஸ்டர் பாக்னால் இருக்கிறாரே, யாராவது பாரிஸ் என்று சொன்னால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார்.

டெரன்ஸ் நகவெட்டியால் அந்தப் பெயரைப் பிய்த்தார். உள்துணியும் சேர்ந்து கிழிந்து தொங்கியது. கோட்டைக் காருக்குள் வீசினார். அப்போதுதான் காரே ஜெர்மன் கார் என்பது உறைத்தது. அதை மீன்கடைக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, கொட்டும் மழையில் வெறும் சட்டையோடு ஓடினார்.

சொட்டச் சொட்ட வந்து நின்றவரிடம், கோட்டு எங்கே என்று கேட்டார் ஹெஸ்டர். ஐரோப்பாவில் தைத்தது என்று தெரிந்ததும் கழற்றி எறிந்துவிட்டேன் என்று வாய் முந்திக்கொண்டது. கைதட்டல் காதைப் பிளந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் கேட்ட மனுஷர் நிறுத்துவாரா? தேநீர் ஊற்றும் மோரீன் அம்மாள் நீட்டிய பிரெஞ்சுப் பாலாடைக்கட்டியை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். தேனிலவுக்குக்கூடக் கடலைத் தாண்டியதில்லை என்றார். தேனிலவில் வெனிஸ் படகிலிருந்து விழுந்தவரை இழுத்துப்போட்ட ஜில், பின்வரிசையில் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஹெஸ்டர் உருகிப்போனார். "அவ்வளவு வெறுப்பா? உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்."

அதே சீட்டுக்கு வந்திருந்த எதிராளி ஏஞ்சலா ஓர்ம் அதே பாலாடைக்கட்டியை மூன்று துண்டு தின்றுகொண்டே, ஆஸ்பத்திரி ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது என்றாள். ஐரோப்பாவைப் பற்றிக் கேட்டதற்கு, யோசிக்க நேரமில்லை என்றாள். தொலைந்தாள் என்று டெரன்ஸ் மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

முடிவு வந்தது. தொகுதி ஏஞ்சலாவுக்கு.

டெரன்ஸ் நாற்காலியில் சரிந்தார். கம்பளக் கடை கண்முன் வந்து நின்றது. மோரீன் அம்மாள் ஒரு கோப்பைத் தேநீரை அவர் கையில் திணித்தாள்.

"எதுக்கு கண்ணு மூஞ்சியைத் தொங்கப்போடறே? உனக்கும் சீட்டு இருக்கு. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போக இங்க ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க. அதான், யாரு அதை ரொம்ப வெறுக்கறாங்களோ அவங்களையே அஞ்சு வருஷம் பிரஸ்ஸல்ஸ்ல குடிவைக்கறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க."